துபாயிலிருந்து வந்த விமானமும் பெரியபட்டினத்துக் காற்றும்

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான பெரியபட்டினத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 34, வீட்டிலேயே தையல் தொழில். துபாயில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி, விடுமுறைக்கு வரும்போது மருமகனுக்கென்று ஒரு ரிமோட் விமானம் வாங்கி வந்திருக்கிறார். ஃபோமில் செய்தது, மூன்று சேனல், அதாவது மோட்டார் வேகம், ஏற்ற இறக்கம், திருப்பம் என்று மூன்றை ரிமோட்டால் இயக்கலாம். பையனுக்கு இரண்டு நாளில் அலுத்துவிட்டது. பெட்டி பரணில் கிடக்கிறது. "எனக்கு அதை ஓட்டிப் பார்க்கணும்னு ஆசையா இருக்கு அக்கா. பொம்பளைங்க யாராவது இதை ஓட்டுறாங்களா? இந்த வயசுல கை பழகுமா? எங்க போய் விடுறது? போலீஸ் பிடிப்பாங்களா?" என்று கேட்கிறார்.

நான்கு கேள்விக்கும் பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும்.

பெண்கள் ஓட்டுகிறார்கள், போட்டிகளில் ஜெயிக்கவும் செய்கிறார்கள். 2018-இல் சீனாவின் ஷென்சென் நகரில் எஃப்ஏஐ என்கிற உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு முதல் உலக ட்ரோன் பந்தயத்தை நடத்தியது. அதில் பெண்கள் பிரிவில் பட்டம் வென்றவர் தாய்லாந்தைச் சேர்ந்த வன்ரயா வன்னபோங். அப்போது அவள் 11 வயதுச் சிறுமி. இத்தாலியின் லூயிசா ரிஸோ தசைநலிவு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தபடியே ட்ரோன் பந்தயங்களில் பெயர் வாங்கியவர். ட்ரோனும் விமானமும் வேறு வேறுதான். ஆனால் கையில் இருக்கும் ரிமோட் ஒன்றே, அதைப் பிடிக்கும் இரண்டு கட்டைவிரல்களும் ஒன்றே. உடல் பலம் இதில் எங்குமே கணக்கில் வராது என்பதற்காகத்தான் இந்த இருவரையும் சொன்னேன்.

நம் நாட்டில் பெண்பிள்ளைகள் இதற்குள் வருகிற பெரிய வாசல் என்சிசி. அதன் விமானப் பிரிவில் ஏரோமாடலிங், அதாவது சிறிய மாதிரி விமானம் செய்து ஓட்டுவது, ஒரு பயிற்சியாகவே இருக்கிறது. கம்பி கட்டிச் சுற்றவிடும் கன்ட்ரோல் லைன் விமானம், ரேடியோவில் ஓட்டும் விமானம் என்று வகைவகையாகச் செய்து பறக்கவிடுவார்கள். அகில இந்திய வாயு சைனிக் முகாமில் இதற்குப் போட்டிகள் நடக்கும், மாணவிகளும் கலந்துகொள்வார்கள். பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு எஸ்ஏஇ இந்தியா என்கிற பொறியாளர் சங்கத்தின் தென்மண்டலம் நடத்தும் ஏரோ டிசைன் போட்டி இருக்கிறது. அந்த அணிகளிலும் பெண்கள் உண்டு. உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ கல்லூரிக்குப் போகிற பெண் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அணியில் பெண்கள் இருப்பார்கள், இறக்கையை அறுப்பார்கள், ஒட்டுவார்கள், எடை போடுவார்கள், அறிக்கை எழுதுவார்கள். மைதானத்துக்கு வந்ததும் ரிமோட் பெரும்பாலும் ஒரு பையனின் கையில் இருக்கும். இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. அமெரிக்காவில் லிலியன் டாட் என்கிற பெண்மணி பொம்மை விமானங்கள், சிறிய மாதிரிகள் என்று செய்யத் தொடங்கி, சிறுவர்களுக்காக ஏரோ கிளப் ஒன்றை உருவாக்கி, கடைசியில் ஆள் ஏறுகிற முழு விமானத்தையே வடிவமைத்தார். 1910-இல் அது பறந்தது. ஓட்டியவர் டிடியே மாசோன் என்கிற ஆண் விமானி. யோசனை அவருடையது, உழைப்பும் அவருடையது, ஸ்டிக் மட்டும் இன்னொருவரிடம். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் மைதானங்களில் அது பாதிதான் மாறியிருக்கிறது. அதனால் உங்களுக்கு நான் சொல்கிற முதல் விஷயம்: உதவிக்கு யார் வந்தாலும் சரி, விமானம் தரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி இறங்குகிற வரை ரிமோட் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. "கொடுங்க, நான் இறக்கித் தர்றேன்" என்று யாராவது கை நீட்டுவார்கள். நல்ல மனசோடுதான் நீட்டுவார்கள். கொடுத்தால் இறக்கத் தெரியாமலேயே நாள் போய்விடும். விழுந்தால் விழட்டும். ஃபோம் விமானம் ஒட்டிச் சரிசெய்வதற்காகவே இருப்பது.

கை பழகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். பெண்களுக்குக் கைநுணுக்கம் அதிகம், அதனால் எளிதில் பழகும் என்று சிலர் புகழ்ந்து சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. பழகியவர்களுக்குப் பழகும், அவ்வளவுதான். தையல் மெஷினில் கால் ஒரு வேகத்திலும் கை ஒரு வேகத்திலும் போகிற பழக்கம் உங்களுக்கு இருப்பது உதவும்தான், ஆனால் அது தையல்காரர்கள் எல்லாருக்கும் உள்ளது. வயதும் தடையில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு தொடங்கி நன்றாக ஓட்டுகிறவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் நிறையப் பேர்.

காற்றும் நீரோட்டமும் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று நம் கடற்கரையில் யாராவது கேட்டால், பாம்பன் சின்னப்பாலம் பக்கம் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பாசி எடுக்கிற பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பாறைக்கு இறங்குகிறார்கள். அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று அவர்களே ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கிருந்து வந்த லட்சுமி அம்மாவுக்கு 2015-இல் சீகாலஜி என்கிற உலக விருது கிடைத்தது. கடலுக்குள் நீரோட்டம் படிக்கிறவர்களுக்கு மேலே காற்றைப் படிப்பது எட்டாத வித்தை இல்லை.

அப்படியென்றால் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு? என் அனுபவத்தில் உண்மையான தடை நேரம். சிறிய விமானத்துக்குக் காற்று அடங்கியிருக்க வேண்டும். நம் கரையோரத்தில் அது விடிந்ததிலிருந்து எட்டு, எட்டரை வரை. வெயில் ஏறியதும் தரை சூடாகி, கடற்காற்று உள்ளே வரத் தொடங்கிவிடும். அந்தக் காலை நேரத்தில்தான் அடுப்பு எரிகிறது, தண்ணீர் வருகிறது, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புகிறார்கள். ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம், ஒரு பெண் அப்படிக் கிளம்ப முடிவதில்லை. திறமை, ஆர்வம், பயம் என்று மற்றவர்கள் சொல்கிற காரணங்களையெல்லாம் விட இது ஒன்றுதான் பெண்களை மைதானத்துக்கு வரவிடாமல் வைத்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே வீட்டில் கேட்க வேண்டியது விமானம் ஓட்ட அனுமதி இல்லை. வாரத்தில் ஒரு காலை, ஆறிலிருந்து எட்டு வரை, அடுப்பை இன்னொருவர் பார்த்துக்கொள்வது. அதை இப்படி நேராகக் கேளுங்கள். 'ஆசையா இருக்கு' என்று கேட்டால் 'பார்க்கலாம்' என்று பதில் வரும். 'ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கு மாவு அரைத்து வைத்துவிடுகிறேன், ஊற்றி எடுப்பது உங்கள் வேலை' என்றால் ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு பதில் வந்தாக வேண்டும். காலை கிடைக்கவே இல்லை என்றால் மாலை ஐந்தரைக்கு மேல் காற்று தணிகிற நாட்களும் உண்டு, ஆனால் இருட்டுவதற்குள் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். சூரியனைப் பார்த்தபடி நிற்காதீர்கள், விமானம் வெறும் கரும்புள்ளியாகத் தெரியும், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றே புரியாது.

இனி இடமும் சட்டமும். இதைப் பொறுமையாகப் படியுங்கள். மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு இல்லாத ஒரு கவனம் நமக்கு வேண்டும்.

2021-இல் வந்த ட்ரோன் விதிகள்தான் இப்போதைய சட்டம். அதில் 25 கிலோவுக்கு மேற்படாத, படிப்புக்கோ ஆராய்ச்சிக்கோ பொழுதுபோக்குக்கோ மட்டும் கண்பார்வைக்குள் ஓட்டுகிற விமானத்துக்கு 'மாடல்' என்று தனி வகை உண்டு. இந்த வகைக்கு, பெரிய ட்ரோன்களுக்குக் கேட்கிற வகைச்சான்று (அந்த ரக ட்ரோன் தரமானது என்று தரப்படும் சான்று) தேவையில்லை. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கும், வருமானத்துக்கு இல்லாமல் ஓட்டுகிற மைக்ரோவுக்கும் பைலட் சான்றிதழ் வேண்டாம். உங்கள் விமானம் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் அநேகமாக இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் எங்கே ஓட்டுவது என்பதில்தான் கண்டிப்பு. நாடு முழுவதையும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். டிஜிட்டல் ஸ்கை என்கிற அரசுத் தளத்தில் அந்த வரைபடம் இருக்கிறது, கைபேசியிலேயே திறந்து பார்க்கலாம். பச்சையில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடிக்கு மேல் போனால் அது மஞ்சள். மஞ்சளுக்கு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியும், சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். பதிவு எண் எடுக்கிற நடைமுறையையும் அரசுத் தளத்திலேயே பார்த்து முடித்துவிடுங்கள்.

நமக்குப் பக்கத்தில் உச்சிப்புளி இருக்கிறது. அங்கே ஐஎன்எஸ் பருந்து, கடற்படையின் விமானத் தளம். ஆளில்லா விமானங்களும் ஹெலிகாப்டர்களும் அங்கிருந்து போய்வருகின்றன. மண்டபத்தில் கடலோரக் காவல்படை. எதிரே இலங்கை. தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. பெரியபட்டினம் இவற்றுக்கு நடுவில்தான் இருக்கிறது. அதனால் 'நம்ம ஊர்க் கடற்கரைதானே' என்று கரைக்குக் கொண்டுபோய் விடாதீர்கள். வரைபடத்தில் உங்கள் இடத்தின் மேல் விரலை வைத்து நிறத்தைப் பார்த்த பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். ராமேசுவரம், தனுஷ்கோடி, பாம்பன் பாலம் பக்கம் வேண்டவே வேண்டாம். தனுஷ்கோடியில் பூநாரைகளும் வந்து இறங்குகின்றன. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை மாதிரிப் பறவைகள் தங்கும் கண்மாய்களையும் விட்டுவிடுங்கள்.

எனக்குச் சரியாகப்படுவது மேற்கே, உள்ளே தள்ளிய இடங்கள். திருப்புல்லாணியைத் தாண்டி, சிக்கல், சாயல்குடி, முதுகுளத்தூர் பக்கமாகப் போகப் போக கடற்படைத் தளத்திலிருந்து தூரமும் கூடுகிறது, திறந்த வெளியும் கிடைக்கிறது. மாசி, பங்குனிக்குப் பிறகு வற்றிப்போன கண்மாய்த் தரையைவிட நல்ல மைதானம் நம் மாவட்டத்தில் இல்லை. மரம் கிடையாது, மின்கம்பி கிடையாது, தூரம் தெரியும். சீமைக்கருவேல் புதர் இல்லாத பக்கமாகப் பாருங்கள், அந்த முள் ஃபோமைக் கிழித்துவிடும், உள்ளே விழுந்த விமானத்தை எடுப்பதும் பெரும்பாடு. ஆடு மேய்க்கிறவர்கள் இருந்தால் போய்ப் பேசிவிட்டு, மந்தை தாண்டும் வரை காத்திருங்கள். வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களும் பார்க்க ஆசை காட்டும், ஆனால் பருவத்தில் அங்கே பெண்களும் ஆண்களும் வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஆட்களின் தலைக்கு மேல் விமானம் போகவே கூடாது.

போலீஸ் பிடிப்பார்களா? சொல்லாமல் செய்தால் விசாரிப்பார்கள், விசாரிப்பது அவர்கள் வேலை. அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்துவிடுங்கள்: பெயர், முகவரி, விமானத்தின் எடை, கேமரா இல்லை, இந்த இடம், இந்த நேரம். பிரதியில் முத்திரை வாங்கிப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஆதார் நகல். கேமரா மாட்டவே மாட்டாதீர்கள். கடலோரத்தில் கேமரா என்றாலே சந்தேகம் வரும். ஊருக்குள்ளும், நம் வீட்டு மாடியை எடுத்தாள் என்று பேச்சு கிளம்பினால் அடுத்த பெண்ணுக்கும் சேர்த்துக் கதவு சாத்தப்படும்.

காற்றைப் பற்றி நான் உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற நாட்களில் கற்றுக்கொள்ளத் தொடங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை பாதியிலிருந்து சித்திரை வரை, வாடை தணிந்து கச்சான் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் காலைகள்தான் நல்லவை. கருவி எதுவும் வேண்டாம், பனையைப் பாருங்கள். ஓலை சும்மா தொங்கினால் கிளம்பலாம். இடைவிடாமல் சலசலத்தால் பெட்டியை மூடிவிட்டு வந்துவிட வேண்டும். பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு மேலே போகிறதென்றால் அங்கே சூடான காற்று எழும்புகிறது என்று அர்த்தம். பழகியவர்கள் அதைத் தேடிப் போவார்கள், உங்களுக்கு இப்போது வேண்டாம். தன் எல்லைக்குள் வந்த விமானத்தைப் பருந்து துரத்தவும் செய்யும். பக்கத்தில் வந்தால் உடனே இறக்கிவிடுங்கள்.

இப்போது பரணிலிருக்கும் பெட்டியை எடுங்கள்.

முதலில் பேட்டரி. லித்தியம் பாலிமர் வகையாக இருக்கும். நீண்ட நாள் கிடந்தது என்பதால் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள். உப்பவில்லை என்றால் ஒரு சிறிய பேட்டரி செக்கரில் வோல்ட் பாருங்கள். பேட்டரிக்குள் இருக்கும் தனித்தனி அலகுதான் செல், ஒரு செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் அதையும் நம்பக் கூடாது. முழுசார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட், சும்மா வைத்திருக்கும்போது 3.8 சுற்றி. சார்ஜ் போடும் அளவு பேட்டரியின் கொள்ளளவுக்குச் சமமாக இருக்கட்டும்: 2200 மில்லி ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு 2.2 ஆம்பியர். உங்களுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும், தையல் அறையில் சார்ஜ் போடவே கூடாது. துணித் துண்டும் நூலும் கிடக்கிற இடத்தில் இந்த பேட்டரி தீப்பிடித்தால் அணைக்க முடியாது. வெறும் சிமென்ட் தரையில், கண்பார்வையில் வைத்துப் போடுங்கள். ஸ்கூட்டர் டிக்கியில் வெயிலில் விட்டுவிடாதீர்கள். துபாய் மின்சாரமும் நம்முடையதும் ஏறக்குறைய ஒரே வோல்ட்தான், ப்ளக் மட்டும் வேறு, ஒரு அடாப்டர் போதும்.

அடுத்து எடைச்சமன். இறக்கைக்கு அடியில் கம்பெனி ஒரு குறி போட்டிருக்கும், இல்லையென்றால் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே. பேட்டரி போட்ட பிறகு அந்த இடத்தில் இரண்டு விரல்நுனியில் தாங்கிப் பாருங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் நல்லது. வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளுங்கள். வால் கனத்த விமானத்தை யாராலும் ஓட்ட முடியாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் 'எனக்கு வரலை' என்று விட்டுவிடுவதற்கு இதுவே காரணமாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ரிமோட்டில் எந்த ஸ்டிக் எதை இயக்கும் என்ற அமைப்புக்கு மோட் என்று பெயர். மோட் 2 என்றால் இடது ஸ்டிக்கை மேலே தள்ளினால் மோட்டார் வேகம் கூடும், இதுதான் த்ராட்டில். மூன்று சேனலில் வலது ஸ்டிக் முன்பின்னாக எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்), இடவலமாக ரட்டர் (விமானத்தைத் திருப்பும் நிமிர்ந்த வால் மடல்). முதலில் ரிமோட்டை ஆன் செய்து பிறகு விமானத்தின் பேட்டரியைச் சொருக வேண்டும். அணைக்கும்போது முதலில் பேட்டரியைக் கழற்றி, கடைசியில் ரிமோட். இந்த வரிசை மாறினால் மோட்டார் தானே சுற்ற வாய்ப்பு உண்டு. வலது ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் வால் மடல் மேலே எழ வேண்டும், வலப்பக்கம் தள்ளினால் பின்னாலிருந்து பார்க்கும்போது ரட்டர் வலப்பக்கம் மடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பறக்கவிடுவதற்கு முன் இதைப் பாருங்கள். ஸ்டிக் நீளம் கைக்குப் பெரிதாகத் தெரிந்தால் பல ரிமோட்டில் நுனியைத் திருகிக் குறைக்கலாம். கழுத்துப் பட்டை ஒன்று மாட்டிக்கொண்டால் எடை தோளுக்குப் போய்விடும், விரல் தளர்வாக இருக்கும்.

ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றுவது. துப்பட்டா, முந்தானை, பர்தாவின் நுனி எதுவும் அதன் பக்கம் பறக்கக் கூடாது. இறுக்கிச் செருகி, ஊக்கு குத்தி, கூந்தலைப் பின்னி முடிந்துவிடுங்கள். ஆண்கள் எழுதுகிற வழிகாட்டிகளில் இந்த வரி இருப்பதில்லை. நம் உடையில் நின்றே தாராளமாக ஓட்டலாம், மாற்ற வேண்டியதில்லை, கட்டிவைத்தால் போதும்.

திரையிலேயே விமானம் ஓட்டிப் பழகுகிற சிமுலேட்டர் செயலி ஒன்றைக் கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். மைதானத்துக்குப் போகும் முன் அதில் பழகுங்கள், இரவில் வேலை முடிந்த பிறகு கொஞ்ச நேரம் போதும். அதில் பழக வேண்டியது ஒன்றே ஒன்று. விமானம் உங்களை விட்டு விலகிப் போகும்போது வலது வலதுதான். உங்களை நோக்கித் திரும்பி வரும்போது வலது இடதாகத் தெரியும். புதியவர்களின் விமானங்கள் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதற்கு ஒரு வழி: எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள், சாய்கிற பந்தலுக்கு முட்டுக் கொடுப்பது மாதிரி. யோசிக்காமல் விரல் தானாகப் போகிற வரை சிமுலேட்டரில் இதையே செய்யுங்கள்.

மைதானத்தில் மோட்டார் ஓடாதபடி வைத்து, ஒருவரை விமானத்தோடு தள்ளி நிற்கவைத்து, அந்தத் தூரத்திலும் ரிமோட்டுக்கு ரட்டர் ஒழுங்காக அசைகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு காற்றுக்கு எதிராக நிற்க வேண்டும். விமானத்தைக் கையால் எறிந்துதான் கிளப்ப வேண்டும், அதற்குப் பலம் வேண்டாம். த்ராட்டிலை முக்கால் பங்குக்கு மேல் கொடுத்து, இறக்கை மட்டமாக, மூக்கு தரைக்கு இணையாக, நேராகத் தள்ளிவிட்டால் போதும். மேல்நோக்கி வீசினால் வேகம் செத்து மூக்குக் குத்தி விழும். முதல் சில முறை கூட வந்தவர் எறியட்டும், ரிமோட் உங்களிடம் இருக்கட்டும். பெண்களை எறியச் சொல்லிவிட்டு ஆண்கள் ஓட்டுவதுதான் வழக்கம், நீங்கள் அதை மாற்றிப் போடுங்கள்.

இரண்டு பனை உயரம் ஏறும் வரை திருப்பாதீர்கள். அந்த உயரத்தில் தடுமாறினாலும் சரிசெய்ய நேரம் கிடைக்கும், 200 அடிக்குள்ளும் அடங்கும். ஏறியதும் த்ராட்டிலைப் பாதிக்குக் குறைத்துப் பெரிய வட்டமாகச் சுற்றுங்கள். பயம் வந்தால் எல்லாருக்கும் கை எலிவேட்டரை இழுக்கும். வேகம் குறைந்திருக்கும்போது இழுத்தால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும், விமானம் கல்லாக விழும். பயமாக இருந்தால் இரண்டு ஸ்டிக்கையும் விட்டுவிடுங்கள். மூன்று சேனல் விமானத்தின் இறக்கை இரு நுனியும் மேலே தூக்கி வளைந்திருப்பது இதற்காகத்தான், கொஞ்சம் உயரம் இருந்தால் அது தானே நிமிர்ந்துகொள்ளும். கைபேசியில் ஆறு நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அடித்ததும் காற்றுக்கு எதிராகத் திருப்பி, த்ராட்டிலை மூடி, அது தானாக மிதந்து இறங்க விடுங்கள்.

உடைந்தால் ஃபெவிகுயிக்கை உடனே ஊற்றிவிடாதீர்கள். சிலவகை ஃபோமில் ஒட்டும், தெர்மோகோல் மாதிரியானதைக் கரைத்துவிடும். உடைந்த துணுக்கில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். தென்னை ஈர்க்கு அல்லது மூங்கில் குச்சியை உள்ளே செருகி, ஃபெவிகால் தடவி, மேலே பேக்கிங் டேப் ஒட்டினால் புதிதைவிட உறுதியாக நிற்கும்.

உப்புக்காற்று இன்னொரு விஷயம். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலைத் துடைத்து, இணைப்புகளை உலர்ந்த துணியால் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். திறந்து வைத்தால் செம்புப் பகுதிகள் பச்சை பூத்துவிடும். மணலில் இறக்கினால் கரிய இரும்புத்துகள் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டும், ஒரு டேப் துண்டை ஒற்றி ஒற்றி எடுக்கலாம். கண்மாய்த் தரையே நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது கைக்கு வந்த பிறகு நான்கு சேனல் விமானம் ஒன்றை நீங்களே செய்யுங்கள். ஆறு சேனல் ரிமோட், மோட்டார், ஸ்பீடு கன்ட்ரோலர், மடல்களை அசைக்கும் நான்கு சர்வோ, பேட்டரி, சார்ஜர், ஃபோம் ஷீட் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய் ஆகும், அதில் பாதி ரிமோட்டுக்கு. அது பல விமானங்களுக்கு உழைக்கும். ரிமோட் வாங்கும்போது ட்ரெய்னர் இணைப்பு உள்ளதாகப் பாருங்கள். கற்றுக்கொடுப்பவர் ரிமோட்டும் உங்கள் ரிமோட்டும் கேபிளால் இணைந்திருக்கும், அவர் சுவிட்சை விட்டால் ஆபத்தில் அவர் கைக்குப் போகும், சரியானதும் உங்களிடம் திரும்பும். உங்கள் கையிலிருந்து பிடுங்க வேண்டிய அவசியமே இருக்காது.

வருமானத்துக்கு வழி உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு விவசாய ட்ரோன் தருகிற நமோ ட்ரோன் தீதி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 நவம்பரில் ஒப்புதல் தந்தது, 15,000 குழுக்கள் என்று இலக்கு. மருந்து தெளிக்கிற அந்தப் பெரிய ட்ரோனை ஓட்டச் சான்றிதழ் வேண்டும், பத்தாம் வகுப்பும் 18 வயதும் போதும். ஸ்டிக்கில் ஏற்கெனவே விரல் பழகியவர்களுக்கு அந்தப் பயிற்சி சுலபம். நீங்கள் குழுவில் இருந்தால் மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆனால் அதற்காகத்தான் இதைக் கற்கிறேன் என்று வீட்டில் சொல்ல வேண்டியதில்லை. ஆசைக்காக ஓட்டுகிறேன் என்று சொல்லும் உரிமை உங்கள் பையனுக்கு இருந்த மாதிரியே உங்களுக்கும் இருக்கிறது.

தனியாகப் போகாதீர்கள், தங்கச்சி. இரண்டு பெண்களையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் எறிய, ஒருவர் சுற்றிலும் ஆளும் ஆடும் வருகிறதா என்று பார்க்க, ஒருவர் ஓட்ட. பிறகு முறை மாற்றிக்கொள்ளலாம். மூவரும் ஓட்டக் கற்றுக்கொண்டால் ஒருவருக்கு வீட்டில் வேலை வந்த ஞாயிற்றுக்கிழமையும் மற்ற இருவர் போவார்கள், பழக்கம் விட்டுப்போகாது. கூட்டம் கூடும் சிறுவர்களை விரட்டாதீர்கள், பின்னால் ஒரு கோடு கிழித்து அதைத் தாண்டாமல் உட்காரச் சொன்னால் கேட்பார்கள்.

கிளம்பும் முன் ப்ரொப்பெல்லரின் மேல் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், 8 பெருக்கல் 4 என்பது மாதிரி இருக்கும், அங்குலக் கணக்கு. அதே அளவில் மூன்று நான்கு வாங்கி வையுங்கள். முதல் காலையிலேயே ஒன்றாவது உடையும், மாற்று இல்லையென்றால் கஷ்டப்பட்டு வாங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தோடு முடிந்துவிடும். பேட்டரியில் என்ன வோல்ட் காட்டுகிறது, விமானத்தின் எடை எவ்வளவு, நீங்கள் பார்த்த இடம் வரைபடத்தில் என்ன நிறம் என்ற மூன்றையும் எழுதினால் அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறேன்.